டர்போ வண்டிக்குத் தனி ஈசியூ: கப்பலூர் ஷெட்டில் ஒரு லீனியா

இரண்டு ஐப்பசிக்கு முன் மதுரை செல்லூரில் மழைத் தண்ணீர் தெருவுக்குள் ஏறிய இரவில், நண்பர் ஒருவரின் ஃபியட் லீனியா டி-ஜெட் என்ற டர்போ பெட்ரோல் கார் வீட்டு வாசலில் நின்றிருந்தது. காலையில் தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் சீட்டு, தரைவிரிப்பு எல்லாம் நனைந்திருந்தன. அவற்றை வெயிலில் காயப்போட்டுவிடலாம். காயப்போட்டுச் சரிசெய்ய முடியாத ஒன்றும் நனைந்திருந்தது: இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டியான ஈசியூ. பட்டறைகளில் ஈசிஎம் என்பார்கள். ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது உள்ளே செம்புத் தடங்களில் களிம்பு ஏறியிருந்தது.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதிகள் வருவதற்கு முன்பே ஃபியட் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. அலைந்து திரிந்து ஒரு பழைய ஈசியூவைப் பிடித்தோம். மாட்டினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. சாவிக்குள் இருக்கும் சிப், டாஷ்போர்டுப் பக்கம் இருக்கும் பாடி கம்ப்யூட்டர், ஈசியூ ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டால்தான் இம்மொபிலைசர் வழிவிடும். வேறு வண்டியிலிருந்து வந்த ஈசியூ அந்தக் குடும்பத்துக்கு அந்நியன். இப்படித்தான் நாங்கள் தனி ஈசியூ பக்கம் போனோம். ஸ்டாண்ட்அலோன் என்று சொல்வது இதைத்தான். கப்பலூர் தொழிற்பேட்டையில் தெரிந்தவரின் ஷெட்டில் ஒரு மூலை கிடைத்தது. ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது.

இந்த வேலையைப் பற்றிக் கேட்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை குதிரை கூடும்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. ஆனால் கம்பெனி ஈசியூவைக் கழற்றி வைக்கும்போது, பல நாடுகளின் குளிரிலும் வெயிலிலும் மலையிலும் பல வருஷம் ஓட்டிப் பார்த்துச் சேர்த்த முடிவுகளையும் கழற்றி வைக்கிறோம். அந்த முடிவுகள் அத்தனையும் இனி நம்முடைய வேலை. என் அனுபவத்தில் கூடுதல் பவர் அந்த வேலையில் சின்னப் பகுதி. எளிதான பகுதியும் அதுவே.

ஈசியூவின் வேலை என்ன என்று பார்ப்போம். பெட்ரோல் இன்ஜினுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். சிலிண்டருக்குள் இப்போது எவ்வளவு காற்று போயிருக்கிறது, அதற்கு எவ்வளவு பெட்ரோல்? பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி இருக்கும்போது பொறி வைப்பது? கார்புரேட்டர் காலத்தில் முதல் கேள்விக்கு ஜெட்டின் துளை பதில் சொன்னது. இரண்டாவதற்கு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருந்த எடைகளும் ஸ்பிரிங்கும் பதில் சொன்னன.

அதற்கும் முந்தைய கதை ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. 1911-ல் மதுரையில் தொடங்கிய டிவிஎஸ், இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, வண்டிகளை வாயுவில் ஓட்டுவதற்கான கேஸ் பிளான்ட்களைத் தயாரித்தது. கரியிலிருந்து வரும் வாயுவில் ஓடும் வண்டிகளில் காற்றுக்கும் வாயுவுக்கும் உள்ள அளவை டிரைவரே கையால் திருகிச் சரிசெய்ய வேண்டும். மேடு ஏறும்போது ஒரு அளவு, சமதளத்தில் வேறு அளவு. இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கை வேலை செய்யும். இன்று லேப்டாப்பில் செய்வதும் அதே வேலைதான் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

1967-ல் ஃபோக்ஸ்வாகன் 1600-ல் வந்த பாஷ் டி-ஜெட்ரானிக், இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளந்து பெட்ரோலின் அளவை முடிவுசெய்தது. அந்த 'டி', அழுத்தத்துக்கான ஜெர்மன் சொல்லான ட்ருக் என்பதிலிருந்து வந்தது. 1979-ல் பிஎம்டபிள்யூ 732ஐ-யில் வந்த மோட்ரானிக், பெட்ரோலையும் பொறியையும் ஒரே பெட்டிக்குள் சேர்த்தது. நாம் வாங்கும் தனி ஈசியூ பெரும்பாலும் இந்த இரண்டின் வாரிசு. அழுத்தம், காற்றின் வெப்பம், இன்ஜின் வேகம் மூன்றையும் வைத்துக் காற்றின் எடையைக் கணக்கிடுகிறது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இன்றைய கம்பெனி ஈசியூ அங்கிருந்து வெகுதூரம் வந்துவிட்டது. நாம் ஆக்சிலேட்டரை மிதித்தால் அது காற்றை விடும் கதவான த்ராட்டிலை நேரடியாகத் திறப்பதில்லை. இந்த மிதிக்கு எவ்வளவு டார்க் (சுழற்றும் விசை) வேண்டும் என்று கணக்குப் போட்டு, அதற்குத் தக்கபடி த்ராட்டில், டர்போ கூடுதலாக அமுக்கித் தரும் காற்றழுத்தமான பூஸ்ட், பொறி வைக்கும் டைமிங் மூன்றையும் சேர்த்து நகர்த்துகிறது. அதோடு வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகளை இணைக்கும் கேன் கம்பிகளில் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறது. ஆர்பிஎம் முள்ளுக்கும், டெம்பரேச்சர் முள்ளுக்கும், ஏபிஎஸ்சுக்கும், ஆட்டோமேட்டிக் என்றால் கியர்பாக்ஸுக்கும் செய்தி அங்கிருந்துதான் போகிறது. அந்தக் குரல் நின்றுபோனால் டாஷ்போர்டு முழுக்க எச்சரிக்கை விளக்கு எரியும். அதனால் சாதாரண ரோட்டு வண்டிக்குக் கொஞ்சம் கூடுதல் பவர் மட்டும் போதும் என்றால், கம்பெனி ஈசியூவின் மென்பொருளையே மாற்றி எழுதும் ரீமேப் போதும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். சென்சாருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய்த் தகவல் கொடுக்கும் பிக்கிபேக் பெட்டிகள் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

தனி ஈசியூ பொருந்தும் வண்டிகள் வேறு வகை. ஈசியூ செத்து, மாற்றும் கிடைக்காத வண்டி. பெரிய டர்போ, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் பெரியது என்று கம்பெனி கணக்கைவிட்டு வெளியே போன வண்டி. வேறு இன்ஜின் இறக்கிய வண்டி. அதிலும் இன்ஜெக்டர் மேனிஃபோல்டில் இருக்கும் போர்ட் இன்ஜெக்ஷன் வண்டி என்றால் வேலை கைக்குள் அடங்கும். போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜின் என்றால், உயர் அழுத்த பம்ப்பையும், பேட்டரியைவிடப் பல மடங்கு வோல்ட்டேஜ் கேட்கும் இன்ஜெக்டர்களையும் ஓட்டத் தெரிந்த ஈசியூ வேண்டும். விலையும் தலைவலியும் ஒன்றாகவே ஏறும். லீனியாவின் 1.4 லிட்டர் டி-ஜெட் போர்ட் இன்ஜெக்ஷன். எங்களுக்கு அது பெரிய நிம்மதி.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் பிரிவு 52, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி விலகும்படி மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் சேர்ந்த பிரிவு 182ஏ, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் கேள்விக்குள்ளாகும். எங்கள் லீனியா இனி ரோட்டில் ஓடாது. கோயம்புத்தூர் டிராக்குக்குக் கேரியரில் ஏறித்தான் போகும். இந்த முடிவை எடுக்க நண்பருக்கு மனசு வர நாளானது. எடுத்தபிறகுதான் வேலையைத் தொடங்கினோம்.

எந்த ஈசியூ? ஆஸ்திரேலியாவின் ஹால்டெக், மோடெக், நியூசிலாந்தின் லிங்க் என்று விலை கூடிய வரிசை ஒன்று இருக்கிறது. இன்னொரு பக்கம், பவுலிங், கிரிப்போ என்ற இரண்டு பேர் 2001 வாக்கில் தொடங்கிய மெகாஸ்குவர்ட் இருக்கிறது. அர்டுயினோ பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ மாதிரித் திறந்த திட்டங்களும் உண்டு. பிராண்டு சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. வண்டியை ட்யூன் செய்யப் போகிறவருக்கு எது கைப்பழக்கமோ, அதை வாங்குங்கள். டர்போவுக்குக் கட்டாயம் பார்க்க வேண்டியவை மூன்று: கலவை தானாக வெடிக்கும் அதிர்வைப் பிடிக்கும் நாக் சென்சாரைக் கேட்கும் வசதி, எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் அதைப் பாதுகாப்பாக ஓட்டும் வசதி, தப்பு நடந்தால் தானே இன்ஜினை அடக்கும் வசதி.

அடுத்தது எல்லாவற்றுக்கும் அடித்தளமான, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் சிக்னல். கிராங்கோடு சுற்றும் பல் சக்கரத்தில் 60 பல்லுக்கு இடம் இருக்கும், இரண்டு பல் இருக்காது. ஒரு பல்லுக்கு 6 டிகிரி. அந்த வெற்றிடம் கடந்துபோவதை வைத்துத்தான் கிராங்க் எங்கே நிற்கிறது என்று ஈசியூ தெரிந்துகொள்கிறது. 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு 10 மில்லி செகண்ட். ஒரு டிகிரிக்கு ஒரு மில்லி செகண்டில் ஏறத்தாழ 36-ல் ஒரு பங்கு. இந்த இடத்தில் சின்னப் பிசகு வந்தாலும் மேலே போடும் கணக்கெல்லாம் தப்பாகிவிடும்.

நாங்கள் இங்கேதான் முதலில் அடிபட்டோம். கிராங்க் சென்சார் காந்தவகை. அதன் இரண்டு கம்பியை இடம் மாற்றிக் கொடுத்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும். ஐட்லிங்கில் டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் 10 டிகிரியில் கச்சிதமாக நிற்கும். வேகம் கூட்டினால் குறி மெதுவாக நகரும். ஈசியூவில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி வைத்திருக்கிறோம், குறி எப்படி நகரும்? இரண்டு நாள் அட்டவணைகளைத் தோண்டினோம். காரணம், கம்பி மாறியதால் ஈசியூ பல்லின் தப்பான விளிம்பை எண்ணிக்கொண்டிருந்தது. கம்பியை மாற்றிப் போட்டதும் 4,000-த்திலும் குறி அசையவில்லை. ஈசியூ திரையில் காட்டும் டைமிங்கும் கிராங்க் புல்லியில் தெரியும் டைமிங்கும் எல்லா வேகத்திலும் ஒன்றுதானா என்று லைட் அடித்துப் பார்க்காமல் யாரும் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இரண்டாவது அடி எர்த்தில் விழுந்தது. ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதெல்லாம் திரையில் கூலன்ட் வெப்பம் திடீரென்று எட்டு டிகிரி மாறும். ஃபேன் நின்றதும் பழைய இடத்துக்கு வரும். சென்சாரை மாற்றினோம், பயனில்லை. அப்போதுதான் புதூரிலிருந்து வயதான ஆட்டோ எலக்ட்ரீசியன் ஒருவரைக் கூட்டிவந்தோம். லேப்டாப் பக்கமே அவர் திரும்பவில்லை. மல்டிமீட்டரை எடுத்து, ஹார்னஸ் என்ற கம்பிக் கட்டைத் தடவிக்கொண்டே வந்தார்.

"தம்பி, கரண்டு போற வழிய நல்லாத்தான் இழுத்திருக்கீக. திரும்பி வர்ற வழிய ஏன் ஃபேனோட சேத்து முடிஞ்சீக?"

"இடம் பக்கமா இருந்துச்சுண்ணே, அதான்..."

"பக்கமா இருந்தா ஆச்சா? ஃபேன் இழுக்கிற இழுப்புல அந்தக் கம்பி முனையே மேல ஏறுதுல்ல. சென்சாருக்குத் தனி எர்த் போடுங்க."

அவர் சொன்னதுதான் முழு விளக்கமும். சென்சார் எர்த் எல்லாம் ஈசியூவுக்கே தனியாகப் போக வேண்டும். ஃபேன், பம்ப், காயில், இன்ஜெக்டர் மாதிரி அதிகம் இழுப்பவற்றின் எர்த் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேர வேண்டும். இரண்டையும் கலந்தால் சில மில்லி வோல்ட் வித்தியாசம்கூட வெப்பமாகவோ அழுத்தமாகவோ திரையில் தெரியும். ஈசியூ அதை நம்பி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். கிராங்க் சென்சாருக்கு ஷீல்டு கம்பி, அந்த ஷீல்டுக்கு ஒரு முனையில் மட்டும் எர்த். அதிரும் இடங்களில் ஈயம் வைத்து ஒட்டாமல் நல்ல கிரிம்ப். பம்ப்புக்கும் ஃபேனுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ். மொத்த ஹார்னஸையும் பிரித்து மறுபடி கட்டினோம். மூன்று வாரம் போனது. அதில் ஒரு நாளையும் வீண் என்று சொல்லமாட்டேன்.

இப்போது பெட்ரோல் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 1,368 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டர் 342 சிசி. ஒரு பார் பூஸ்ட் என்றால் மேனிஃபோல்டில் மொத்த அழுத்தம் 200 கிலோபாஸ்கல். டர்போவில் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தாண்டி வரும் காற்று 60 டிகிரி என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டர் காற்றின் எடை கிட்டத்தட்ட 2.1 கிராம். சிலிண்டர் 90 சதவீதம் நிரம்பினால் உள்ளே போவது சுமார் 0.64 கிராம் காற்று. பூஸ்டில் கலவையில் பெட்ரோல் கொஞ்சம் செழிப்பாக இருக்க வேண்டும், லாம்டா 0.8, அதாவது பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான காற்றில் 80 சதவீதம். 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு அது 10.8 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். ஆக ஒரு முறைக்கு 0.06 கிராம் பெட்ரோல். 6,000 ஆர்பிஎம்மில் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 50 முறை. நிமிஷத்துக்கு ஏறக்குறைய 240 சிசி. இன்ஜெக்டரை 80 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால், குறைந்தது 300 சிசி இன்ஜெக்டர் வேண்டும்.

இதில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. புதிய வண்டிகள் பலவற்றில் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் கிடையாது. இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயில் குழாயில் அழுத்தம் எப்போதும் ஒரே அளவு, 3.5 பார் என்று வைப்போம். மேனிஃபோல்டில் ஒரு பார் பூஸ்ட் எதிரே தள்ளும்போது இன்ஜெக்டருக்கு மிச்சமிருப்பது 2.5 பார். ஓட்டம் 15 சதவீதம் குறைந்துவிடும். அதுவும் பெட்ரோல் அதிகம் வேண்டிய நேரம் பார்த்துக் குறையும். ஒன்று, மேனிஃபோல்டு அழுத்தத்தோடு சேர்ந்து ஏறும் ரெகுலேட்டரும் ரிட்டர்ன் லைனும் போட வேண்டும். இல்லையென்றால் ரெயில் அழுத்த சென்சார் வைத்து ஈசியூவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாங்கள் ரெகுலேட்டர் போட்டோம்.

இன்ஜெக்டர் வாங்கியதில் எங்களை ஏமாற்றினார்கள். 440 சிசி என்று சொல்லி விற்ற செட். ஏதோ சந்தேகம் வந்து, நான்கையும் ரெயிலில் மாட்டி, 3 பார் அழுத்தத்தில் ஒரு நிமிஷம் திறந்து, நான்கு அளவுக் குடுவையில் பிடித்தோம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். அப்படியே மாட்டியிருந்தால் ஒரு சிலிண்டர் மட்டும் பெட்ரோல் பற்றாமல் ஓடியிருக்கும். புகைக்குழாயில் இருக்கும் லாம்டா சென்சார் நான்கின் சராசரியைத்தான் காட்டும், அந்த ஒரு சிலிண்டர் தெரியவே தெரியாது. பணம் திரும்பி வரவில்லை. வேறு செட் வாங்கி, அதையும் குடுவையில் பிடித்துப் பார்த்த பிறகே மாட்டினோம். பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள்.

இன்ஜெக்டர் பெரிதானால் ஐட்லிங்கில் இன்னொரு சிக்கல். திறக்கச் சொன்னவுடன் இன்ஜெக்டர் திறந்துவிடாது. ஏறத்தாழ ஒரு மில்லி செகண்ட் செத்த நேரம் உண்டு. பேட்டரி வோல்ட்டேஜ் குறைந்தால் அது நீளும். பூஸ்டில் 15 மில்லி செகண்ட் திறந்திருக்கும்போது இது பெரிதாகத் தெரியாது. ஐட்லிங்கில் மொத்தமே இரண்டரை மில்லி செகண்ட்தான். ஹெட்லைட்டும் ஃபேனும் போட்டு வோல்ட்டேஜ் இறங்கினால் வண்டி உதறும். செத்த நேர அட்டவணையை வோல்ட்டேஜ் வாரியாகச் சரியாகக் கொடுத்தால் அந்த உதறல் போய்விடும்.

அப்புறம் விஇ அட்டவணை. ஒரு பக்கம் ஆர்பிஎம், இன்னொரு பக்கம் மேனிஃபோல்டு அழுத்தம். ஒவ்வொரு கட்டத்திலும் சிலிண்டர் எத்தனை சதவீதம் நிரம்புகிறது என்ற எண். டர்போ வண்டிக்கு இந்த அட்டவணை 100 கிலோபாஸ்கலோடு நிற்க முடியாது. நீங்கள் நினைக்கும் பூஸ்டைத் தாண்டி மேலேயும் கட்டங்கள் இருக்க வேண்டும். வைட்பேண்ட் லாம்டா சென்சாரைப் பார்த்து மென்பொருளே எண்களைத் திருத்தும் ஆட்டோட்யூன் வசதி இருக்கிறது. பூஸ்ட் இல்லாத பகுதிக்கு அது நல்ல உதவி. பூஸ்ட் பகுதியை அதன் கையில் விட மாட்டேன். சென்சார் பார்த்துச் சொல்வதற்குள் தப்பு நடந்து முடிந்திருக்கும்.

இட்லி மாவு மார்கழியில் புளிப்பதும் சித்திரையில் புளிப்பதும் ஒன்றில்லை என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதே அரிசி, அதே உளுந்து, வெயில் வேறு. காற்றுக் கணக்கும் அப்படித்தான். 35 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 75 டிகிரியில் இருக்கும் காற்று 11 சதவீதத்துக்கு மேல் இலேசு. அதனால் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் எங்கே இருக்கிறது என்பது மதுரையில் பெரிய விஷயம். முதலில் நாங்கள் மேனிஃபோல்டின் அலுமினியத்திலேயே திருகினோம். சித்திரை மாசம், தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணி. ஓடிய வண்டியை அணைத்து இருபது நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் பிடித்து, உடனே செத்துவிடும். திரையில் காற்று வெப்பம் 71 டிகிரி. உண்மையில் உள்ளே வரும் காற்று அவ்வளவு சூடு இல்லை. சென்சார் உட்கார்ந்திருந்த உலோகம்தான் சூடு. காற்று இலேசு என்று நம்பி ஈசியூ பெட்ரோலைக் குறைத்துவிட்டது. சென்சாரை இன்டர்கூலருக்குப் பிறகு வரும் குழாயில், சிலிகான் ஹோஸுக்குப் பக்கத்தில் மாற்றினோம். காற்று தொடும்படி திறந்த முனை இருக்கும் வகை. பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

மலை ஏறுகிற வண்டிக்கு வெளிக்காற்றழுத்தமும் தனியாகத் தெரிய வேண்டும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் சுமார் 78 கிலோபாஸ்கல். மதுரையில் எட்டும் அதே மொத்த அழுத்தத்தை அங்கே எட்ட டர்போ இன்னும் வேகமாகச் சுற்றியாக வேண்டும். உயரத்தில் பூஸ்ட் இலக்கைக் குறைக்காமல் விட்டால் டர்போவின் ஆயுள் குறையும்.

இ20 பற்றி. 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பங்க்குகளில் வழக்கமாகவே கிடைப்பது அதுதான். சுத்தமான பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்றுக்கு ஒரு கிலோ என்பது சமக் கணக்கு. இ20-க்கு அது 13.5 அளவில் இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்குச் சுமார் 9 சதவீதம் அதிகப் பெட்ரோல். பழைய அட்டவணையை அப்படியே கொண்டுவந்து போட்டால் பூஸ்டில் வண்டி பெட்ரோல் இல்லாமல் காயும். அதனால் ட்யூனிங்கில் விகித எண்களை மறந்துவிட்டு லாம்டாவில் மட்டும் பேசுங்கள். எந்தப் பெட்ரோலுக்கும் 1 என்றால் சமம். எத்தனால் ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், ஆக்டேனும் கூடுதல். டர்போவுக்கு இரண்டும் நல்லதே. பெட்ரோல் லைனில் ஃப்ளெக்ஸ் சென்சார் ஒன்றை வைத்தால் எத்தனால் அளவை நொடிக்கு நொடி ஈசியூவுக்குச் சொல்லும். 50 ஹெர்ட்ஸ் என்றால் எத்தனால் இல்லை, 150 என்றால் முழுக்க எத்தனால். எங்கள் திரையில் 70-ஐ ஒட்டி நிற்கிறது.

டைமிங்கில்தான் இன்ஜின் உடையும். பொறி வைத்ததும் தீ ஒரு முனையிலிருந்து பரவிக்கொண்டு வரும். பூஸ்ட் அழுத்தமும் சூடும் அதிகமானால், தீ வந்து சேர்வதற்குள் மறுமுனையில் மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். அதுதான் நாக்கிங். கேட்டால் டப்பாவுக்குள் கூழாங்கல் குலுக்குவது மாதிரி இருக்கும். பூஸ்டில் சைலன்சர் சத்தத்துக்குள் காதுக்குத் தெரியாமலும் போகும். 72 மில்லிமீட்டர் போர் இருக்கும் இந்த இன்ஜினில் அந்த அதிர்வு 7 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும். நாக் சென்சாரை அந்த இடத்துக்குச் சரிசெய்து வைத்து, கூடவே பிளாக்கில் ஒரு மைக்கைத் திருகி ஹெட்ஃபோனில் கேட்டோம். 4,500 ஆர்பிஎம்மில் பூஸ்ட் இல்லாமல் 28 டிகிரி போட்ட இடத்தில், 180 கிலோபாஸ்கலில் 13 டிகிரியில் நிறுத்தினோம். இன்னும் இரண்டு டிகிரி ஏற்றினால், வண்டியை நின்ற இடத்தில் ஓட்டிப் பவரை அளக்கும் டைனோவின் திரையில் டார்க் கொஞ்சம் ஏறும். ஆனால் டைனோவில் பெரிய ஃபேன் அடிக்கிறது, வண்டி பத்து நொடிதான் இழுக்கிறது. மே மாச வெயிலில் டிராக்கில் ஏழாவது சுற்றில் அந்த இரண்டு டிகிரி என்ன செய்யும் என்று நினைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டோம்.

ஈசியூ தானே இன்ஜினை அடக்கும் வசதியை நான் எவ்வளவு வற்புறுத்தினாலும் போதாது. பெட்ரோல் அழுத்தத்துக்கு ஒரு சென்சார், ஆயில் அழுத்தத்துக்கு ஒரு சென்சார் போட்டோம். பூஸ்டில் இருக்கும்போது லாம்டா 0.9-ஐத் தாண்டி நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் நின்றால், ஈசியூ பூஸ்டை விடுவித்து இன்ஜினை வெட்டிவிடும். பெட்ரோல் அழுத்தம் விழுந்தாலும், பூஸ்ட் வரம்பு மீறினாலும் அப்படியே. கோவை டைனோவில் மூன்றாவது இழுப்பில், 5,200 ஆர்பிஎம்மில் வண்டி திடீரென்று அடங்கியது. ஏதோ உடைந்துவிட்டது என்று நண்பர் முகம் வெளுத்துவிட்டது. பதிவைத் திறந்து பார்த்தால் பெட்ரோல் அழுத்தம் கால் பார் இறங்கியிருந்தது, ஈசியூ சரியான நேரத்தில் வெட்டியிருந்தது. பம்ப்புக்குப் போகும் பழைய கம்பி மெலிதானது, ஆல்டர்னேட்டரில் 13.8 வோல்ட் இருக்கும்போது பம்ப்பில் 11.2-தான் வந்தது. தடித்த கம்பி இழுத்து, புது ரிலே போட்டோம். அந்த வெட்டு இல்லாமல் இருந்தால் பிஸ்டன் ஒன்று அங்கேயே உருகியிருக்கும்.

அன்று மதியத்துக்குள் பவர் ட்யூனிங் முடிந்துவிட்டது. கம்பெனி கொடுத்த 114 குதிரையைவிட நல்ல வித்தியாசம். நண்பருக்குச் சந்தோஷம், எனக்கும்தான்.

காலை ஸ்டார்ட்டிங் சரியாக வர கார்த்திகையிலிருந்து பங்குனி வரை ஆனது. குளிர்ந்த இன்ஜினுக்கு முதல் சுற்றில் எவ்வளவு பெட்ரோல், பிடித்த பிறகு எத்தனை நொடி கூடுதல், சூடாகச் சூடாக எப்படிக் குறைப்பது, அதே நேரத்தில் த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் தனி அட்டவணை. இன்ஜின் முழுக்க ஆறினால்தான் அடுத்த முயற்சி, அதாவது ஒரு நாளைக்கு ஒரு தடவை. மார்கழிக் காலையில் இந்த ஊர் 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அந்தக் கட்டங்களை நிரப்ப விடியற்காலை ஐந்தரைக்கு நண்பரும் நானும் டீயோடு ஷெட்டுக்குப் போய்விடுவோம். சாவியைத் திருகுவோம், எட்டு நொடி பதிவாகும், இரண்டு எண்ணை மாற்றுவோம், மறுநாள் வரை காத்திருப்போம். கம்பெனிக்காரர்கள் இதைக் குளிர் அறைகளிலும் பனி நாடுகளிலும் மைனஸ் டிகிரிகளில் செய்திருப்பார்கள். சாதாரணக் காரில் சாவியைத் திருகியதும் இன்ஜின் பிடிப்பதைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு உண்மையான மரியாதை வருகிறது.

இப்போது லீனியா குளிரிலும் சூட்டிலும் இரண்டு நொடிக்குள் பிடித்து, 900-த்தில் ஆடாமல் நிற்கிறது. இம்மொபிலைசர் வேலை போய்விட்டதால் பம்ப் லைனில் மறைவாக ஒரு கட்-ஆஃப் ஸ்விட்ச் வைத்திருக்கிறோம். ஆர்பிஎம் முள் வேலை செய்கிறது. டெம்பரேச்சர் முள் இன்னும் அசையவில்லை. இதே மாடல் வண்டி ஒன்றைத் திருமங்கலத்திலிருந்து ஒருவர் ஒரு நாளுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் கேன் செய்திகளைப் பதிவுசெய்து, எந்த எண்ணில் எந்த பைட் அந்த முள்ளைத் தூக்குகிறது என்று பார்க்க வேண்டும்.